மேல்கொட்டகைக்குப் பதினேழு தடவை

சின்னமனூர் பரமானந்தத்தைப் பொய்யர் என்று சொல்லக் கூடாது. பொய்யர் என்றால் ஏதாவது ஆதாயம் இருந்தால்தான் வாயைத் திறப்பார். பரமானந்தம் சும்மாவே திறப்பார்.

பஸ் டெப்போவில் முப்பத்திரண்டு வருஷம் டைம் கீப்பராக இருந்தவர். ஒரு சின்ன அறை, ஒரு நாற்காலி, ஒரு விசில். போடிமெட்டுக்கும் குமுளிக்கும் போகிற வண்டியையெல்லாம் நிமிஷம் தப்பாமல் அனுப்பிவைத்தவர், தான் மட்டும் நாற்காலியை விட்டு எழுந்ததில்லை. மலையில் நடந்ததையெல்லாம் டிரைவர்கள் வந்து சொல்லுவார்கள். கேட்டுக்கேட்டு அதெல்லாம் தனக்கே நடந்ததாக அவருக்கு ஆகிப்போனது. உள்ளதைச் சொன்னால் அவர் ஆயுசில் ஏறிய அதிகபட்ச உயரம் தெருமுனைத் தண்ணீர்த் தொட்டி. அதிலும் பாதி ஏணி.

அவர் வசமாக மாட்டியது மகளின் நிச்சயதார்த்தப் பந்தியில். பக்கத்து இலையில் மாப்பிள்ளையின் அப்பா குழந்தைவேல். சாத்தூரில் காலண்டர் ஒட்டும் பட்டறை வைத்திருக்கிற வெள்ளந்தி மனிதர். "நாப்பது வருஷமா மலைப் படமா ஒட்டித் தள்ளுறேன் சம்பந்தி. ஒரு மலை மேலயும் நின்னதில்ல. சாகுறதுக்குள்ள ஒரே ஒரு தடவை உச்சியில நின்னுட்டாப் போதும்" என்றார்.

கேட்கிறவன் "அதுக்கென்ன, ஆகட்டும்" என்று சொல்லிவிட்டு ரசத்துக்குப் போயிருக்கலாம். பரமானந்தம், "நம்ம முட்டுக்கல் மலை இருக்கே, அதுல நான் பதினேழு தடவை ஏறியிருக்கேன்" என்றார். பத்து என்று சொல்லத்தான் நினைத்தார். பதினேழு என்று வந்துவிட்டது.

குழந்தைவேல் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டார். எச்சில் கை என்றுகூடப் பார்க்கவில்லை. கல்யாணம் முடிந்த மூன்றாம் மாதம், புது பூட்ஸும் தொப்பியுமாக, மனைவி செண்பகவல்லியோடு சின்னமனூர் வந்து இறங்கிவிட்டார். செண்பகவல்லி முப்பது வருஷம் கணக்கு டீச்சர். எந்த விடையைச் சொன்னாலும் வழியைக் காட்டு என்று கேட்கிற பழக்கம் பணி ஓய்வுக்கு அப்புறமும் போகவில்லை.

முட்டுக்கல் மலையின் நடைபாதையில், நடக்கிறவர்கள் மழைக்கு ஒதுங்கவும் கால் ஆறவும் நடைச் சங்கம் ஒன்று கொட்டகைகள் வைத்திருக்கிறது. அடிவாரத்து போர்டில் படம் போட்டிருந்தது: அடிக்கொட்டகை, நடுக்கொட்டகை, மேல்கொட்டகை, அதற்கு மேல் உச்சி. மேல்கொட்டகைக்குப் புகைபோக்கிகூட வரைந்திருந்தார்கள். சம்பந்தி பூட்ஸ் கயிறு கட்டுகிற சாக்கில் பரமானந்தம் அந்தப் படத்தை மூன்று தரம் மனப்பாடம் செய்துகொண்டார்.

அடிக்கொட்டகையிலேயே முழங்கால் வலி வந்துவிட வேண்டும் என்பதுதான் அவர் திட்டம். வந்தது. ஆனால் செண்பகவல்லி பையிலிருந்து தைலத்தை எடுத்து, "நல்லா அழுத்தித் தேய்ங்கண்ணே, பறந்துரும்" என்று கொடுத்துவிட்டார். அப்புறம் வலிக்கிறது என்று எப்படிச் சொல்வது? பதினோரு மணிக்கு நாக்குத் தள்ள நடுக்கொட்டகை வந்து சேர்ந்தார்.

அங்கே காவல்காரர் சடையாண்டி இருந்தார். ஒல்லியான மனிதர். பேச்சு அதைவிட ஒல்லி. அடுப்பில் கடுங்காப்பி கொதித்துக்கொண்டிருந்தது. மூன்று பேருக்கும் ஊற்றிக் கொடுத்துவிட்டு, மேலே பார்த்தார். உச்சியை மேகம் மூடிக்கொண்டு வந்தது.

"மேல போறதுன்னா பன்னெண்டுக்குள்ள கிளம்பணும். வழி ரெண்டு எடத்துல பிரியுது, தப்புனா பள்ளம். அதனால முன்னாடி உச்சிக்குப் போனவுக ஒருத்தராச்சும் கூட இருந்தாத்தான் விடுறது. உங்கள்ல யாரு போயிருக்கீக?"

குழந்தைவேலுக்கு முகமெல்லாம் பல். "இவுகதான்! எங்க சம்பந்தி. பதினேழு தடவை!"

சடையாண்டி பரமானந்தத்தை ஏற இறங்கப் பார்த்தார். "அப்படிங்களா. மேல்கொட்டகை எப்படி இருக்குது இப்ப?"

பரமானந்தம் டம்ளரைக் கீழே வைத்தார். போனேன் என்று சாதித்தால் இந்த இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு மேகத்துக்குள் போக வேண்டும். வழி தெரியாது. பள்ளம் வேறு இருக்கிறதாம். போகவில்லை என்று ஒத்துக்கொண்டாலோ, மகள் வாழப் போன வீட்டில் ஆயுசுக்கும் தலை நிமிர முடியாது. மூன்றாவதாக ஒரு வழி அவருக்குப் பட்டது. சம்பந்தியே பயந்துபோய், 'வேணாம் சம்பந்தி, இறங்கிருவோம்' என்று சொல்ல வேண்டும். அவர் வாயால் சொல்ல வேண்டும்.

"கொட்டகைக்கு என்ன, கல்லுச் சுவரு, தகரக் கூரை, புகைபோக்கி" என்று போர்டில் இருந்ததை முதலில் ஒப்பித்தார். "ஆனா காத்து இருக்கு பாருங்க. அதைச் சொல்லாம உங்களைக் கூட்டிட்டுப் போறது பாவம்."

"பலமா அடிக்குமோ?" என்றார் குழந்தைவேல்.

"பலமாவா? அங்க காப்பி ஊத்துனா கீழ விழாது சம்பந்தி. குறுக்கால போகும். ஒருத்தர் இந்தச் சுவரு ஓரமா நின்னு ஊத்தணும், இன்னொருத்தர் அந்தச் சுவரு ஓரமா டம்ளரைப் பிடிச்சு உக்காந்திருக்கணும். ஆத்துற வேலையே கிடையாது. போய்ச் சேர்றதுக்குள்ள ஆறிரும்."

"தனியாப் போனா?" என்றார் செண்பகவல்லி.

"தனியாப் போனா ஊத்திட்டு ஓடணும் தங்கச்சி. முதல் தடவை நான் ஓடுனேன். ரெண்டாவது தடவை காப்பிக்கு முன்னாடியே போய் உக்காந்துட்டேன்."

சடையாண்டி "ம்" என்றார்.

பரமானந்தம் சம்பந்தியின் முகத்தைப் பார்த்தார். பயம் ஒரு பொட்டும் இல்லை. காலண்டரில் வராத விஷயமெல்லாம் இப்போதுதான் தெரிகிறது என்பதுபோல, மனிதர் இன்னும் நெருங்கி உட்கார்ந்துகொண்டார். சரி, காற்று போதாது. குளிரை எடுத்துவிடுவோம்.

"காத்தைக்கூடத் தாங்கிரலாம். குளிரு? மார்கழியில ஒரு தடவை போயிருந்தேன். அடுப்பை மூட்டிட்டு, ஓரமா போர்வையைப் போத்திப் படுத்தேன். கொஞ்ச நேரத்துல முதுகுப் பக்கம் யாரோ ஒண்டுற மாதிரி இருக்கு. யாருடான்னு திரும்பிப் பாக்கேன். அடுப்புல இருந்த தீ! குளிரு தாங்காம எந்திரிச்சு வந்து போர்வைக்குள்ள படுத்துருக்கு."

"போர்வை எரியலையா?" செண்பகவல்லி விடவில்லை.

"எங்க எரிய? அதுவே வெடவெடன்னு நடுங்கிக்கிட்டுக் கெடக்கு. பாவமா இருந்துச்சு. ரெண்டு பேரும் ஆளுக்குப் பாதியாப் போத்திக்கிட்டோம்."

"காலையில எங்க போச்சு?"

"வெயில் வந்ததும் அடுப்புக்குப் போயிருச்சு. நன்றி உள்ள தீ. இப்ப போனாலும் என்னைக் கண்டா கொஞ்சம் சேர்த்து எரியும்."

குழந்தைவேல் தொடையில் தட்டிச் சிரித்தார். "பாத்தியா செண்பகம், இந்த அனுபவமெல்லாம் நமக்கு வருமா? சம்பந்தி, கிளம்புவமா? மணி பதினொன்றரை ஆகப்போகுது."

என்ன மனுஷன் இவர், நெருப்பே நடுங்குகிறது என்கிறேன், கிளம்பலாம் என்கிறாரே! பரமானந்தம் அவசரமாகச் சம்பந்தியின் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

"இருங்க, அட்டையைப் பத்திச் சொல்லலையே. அந்த வழியில அட்டை நம்ம கணுக்கால் தண்டி இருக்கும். ஒண்ணு கடிச்சா ஒரு படி ரத்தம். எனக்குச் சக்கரை உண்டுன்னு உங்களுக்குத் தெரியும். அஞ்சாவது தடவை போனப்ப ஒரு அட்டை என்னைக் கடிச்சு, வயிறு முட்டக் குடிச்சிட்டுப் போச்சு. மறு வருஷம் போறேன், அதே அட்டை. எளைச்சுத் துரும்பாப் போயி, காலங்காத்தால பாதையில மேலயும் கீழயும் வேக வேகமா நடந்துக்கிட்டிருக்கு. என்னன்னு விசாரிச்சா, அதுக்குச் சக்கரை வந்துருச்சு. தினம் நாலு மைல் நடக்கணும்னு ஆயிருச்சு."

"விசாரிச்சா சொல்லுச்சாக்கும்?"

"சொல்லணுமா தங்கச்சி? என்னைப் பாத்ததும் ஒரு முறை முறைச்சுச்சு பாருங்க, அதுலயே எல்லாம் தெரிஞ்சு போச்சு. அப்புறம் அது என்னைக் கடிக்கிறதில்ல. ஆனா உங்க ரெண்டு பேருக்கும் சக்கரை கிடையாதே, உங்களை விடாதே!"

இதைச் சொல்லிவிட்டு, பயப்படுவார்கள் என்று ஆவலாகப் பார்த்தார். செண்பகவல்லி தைலப் பாட்டிலை மறுபடியும் வெளியே எடுத்துக் கணவரின் கணுக்காலில் தடவ ஆரம்பித்தார். "வேப்பெண்ணெய் கலந்ததுதான். அட்டைக்கும் ஆகும்" என்றார்.

அந்தத் தைலப் பாட்டிலைப் பிடுங்கிப் பள்ளத்தில் வீச வேண்டும்போல இருந்தது பரமானந்தத்துக்கு. கடைசி ஆயுதமாக யானையைக் கையில் எடுத்தார்.

"நான் சொல்லவே கூடாதுன்னு இருந்தேன். மேல்கொட்டகை இருக்கிற எடமே சரிவு. ஒரு பக்கமாச் சாயத்தான் பாக்கும். கெழக்கே இருந்து காத்துத் தள்ளுதா, மேக்கால சாயணுமா இல்லையா? ஏன் சாயலை? மேக்குப் பக்கம் ஒரு கொம்பன் தினமும் வந்து சுவத்துல முதுகு சொறியும். காத்து இங்கிட்டுத் தள்ள, யானை அங்கிட்டுத் தள்ள, கொட்டகை நடுவுல நட்டுக்க நிக்குது. கொத்தனார் கட்டுனது பாதி, யானை கட்டுனது பாதி."

"யானை வராத அன்னைக்கு?" என்றார் செண்பகவல்லி. கரும்பலகையில் தப்பைக் கண்டுபிடித்த குரல்.

"அப்படிக் கேளுங்க! ஒரு தடவை நான் போயிருந்தப்ப யானைக்குச் சளி பிடிச்சுக்கிருச்சு. வரலை. கொட்டகை மெதுவா மேக்க சாயுது. உள்ள எட்டுப் பேரு தூங்குறாக. என்ன செய்யச் சொல்றீங்க? நானே வெளிய போயி முதுகைக் குடுத்தேன். மூணு நாளு!"

"சாப்பாடு?"

"ஜன்னல் வழியா ஊட்டுனாக."

"மத்ததெல்லாம்?"

"கஷ்டப்பட்டேன் தங்கச்சி. அதைக் கேக்காதீக."

குழந்தைவேலுக்குக் கண் கலங்கியே விட்டது. "எட்டு உசிரைக் காப்பாத்தியிருக்கீக. இவ்வளவு செஞ்ச மனுஷன் கூட நான் மலையேறுறேன்னா, அது எங்கப்பன் செஞ்ச புண்ணியம். எந்திரிங்க சம்பந்தி, இனி எந்த யானை வந்தா என்ன? நீங்க இருக்கீக." எழுந்து தொப்பியைப் போட்டுக்கொண்டார். போட்ட கையோடு சடையாண்டியிடம், "அப்ப நாங்க கிளம்பட்டுமாண்ணே?" என்று கேட்டார்.

சடையாண்டி அடுப்பிலிருந்து ஒரு கட்டையை இழுத்துவிட்டு, நிதானமாக எழுந்தார்.

"நான் இந்தக் கொட்டகையில இருபத்தாறு வருஷமா இருக்கேன். மேல்கொட்டகைன்னு ஒண்ணு இல்லைங்க. கட்டணும்னு பேசுனாக, போர்டுல வரைஞ்சாக. கல்லு சுமந்து போன கழுதை ரெண்டும் பாதி வழியில படுத்துக்கிருச்சு. அதோட சரி. யாரு உச்சிக்குப் போயிருக்கேன்னு சொன்னாலும் மேல்கொட்டகை எப்படின்னுதான் முதல்ல கேப்பேன். நெசமாப் போனவுக, ஏதுப்பா அங்க கொட்டகைன்னு திருப்பிக் கேப்பாக. போர்டைப் பாத்தவுக புகைபோக்கியைச் சொல்லுவாக."

செண்பகவல்லி தைலப் பாட்டிலை மூடிப் பைக்குள் வைத்தார். குழந்தைவேல் பரமானந்தத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. உச்சி போச்சே என்கிற ஏக்கம்தான் இருந்தது. மறுபடி உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அதன் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார். பரமானந்தம், நல்ல மனிதரை ஏமாற்றிவிட்டோமே என்று உண்மையாகவே வருந்தினார். மன்னிச்சிருங்க சம்பந்தி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

வந்தது வேறு.

"இருக்காதுதான்! எப்படி இருக்கும்? மூணாவது நாளு எனக்கும் சளி பிடிச்சிருச்சு. ஒரு தும்மல் போட்டேன். கொட்டகை பிடி விட்டு வழுக்கிருச்சு. உள்ள எட்டுப் பேரு! விட்டுற முடியுமா? முதுகுல தாங்கிக்கிட்டே பின்னாலயே வழுக்குறேன். வளைவுல திருப்பி, பாறையில தட்டாம ஒதுக்கி, ஒரு சொட்டுக் காப்பி சிந்தாம கொண்டாந்து எறக்கி வச்சேன். இப்ப நாம உக்காந்திருக்கமே, இது எந்தக் கொட்டகைன்னு நினைக்கிறீக?"

சடையாண்டி கூரையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். "அப்ப நடுக்கொட்டகை எங்க?"

"இதுக்கு அடியில."

"நான் இருபத்தாறு வருஷமா இருக்கேனே?"

"இது நீங்க வர்றதுக்கு முந்தின நாளு."

"புகைபோக்கி?"

"வழியில ஒரு கரடி கேட்டுச்சு. குடுத்துட்டேன்."

சடையாண்டி முதல் தடவையாகச் சிரித்தார். சத்தமில்லாத சிரிப்பு. அந்த நேரம் பார்த்து குழந்தைவேல், "அண்ணே, நீங்களே எங்களைக் கூட்டிட்டுப் போகக் கூடாதா?" என்று கெஞ்சலாகக் கேட்டார்.

"நான் வரலாங்க. ஆனா கொட்டகையில ஆளு இல்லாம இருக்கக் கூடாது. மேகம் எறங்குனா எட்டடியில ஆளு தெரியாது. இங்கிருந்து பத்து நிமிசத்துக்கு ஒருக்கா இந்தத் தகரத்தைத் தட்டணும். மேல இருக்கிறவுக அந்தச் சத்தத்தை வச்சுத்தான் எறங்கி வரணும்." சொல்லிக்கொண்டே தகரத்தையும் ஒரு கட்டையையும் எடுத்துப் பரமானந்தத்தின் மடியில் வைத்தார். "நீங்க எறக்கி வச்ச கொட்டகை. நீங்களே பாத்துக்கங்க."

சடையாண்டி அவர் சம்மதத்துக்குக் காத்திருக்கவில்லை. கம்பை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். குழந்தைவேல் புது பூட்ஸ் கிறீச்சிட அவர் பின்னால் கிட்டத்தட்ட ஓடினார். செண்பகவல்லி மட்டும் திரும்பி, "யானை வந்தா தைலம் இங்க இருக்குண்ணே. சளிக்கும் கேக்கும்" என்று பாட்டிலை வைத்துவிட்டுப் போனார்.

ஒரு மணிக்கு மேகம் இறங்கியது. கொட்டகை வாசலே மறைந்துபோனது. பரமானந்தம் கைக்கடிகாரத்தைக் கழற்றி முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பத்து நிமிஷம், ஒரு தட்டு. மறுபடி பத்து நிமிஷம், ஒரு தட்டு. இந்த ஒரு வேலையில் அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அடுப்பு அணையப் போனது, எழுந்து ஊதினார். அது தன்னைப் பார்த்துச் சேர்த்து எரியவில்லை என்பதைக் கவனித்தார். இரண்டு மணிக்கு மேல் அவருக்குப் பயம் வந்தது. தனக்காக இல்லை. அந்த வெள்ளந்தி மனிதர் எங்கேயாவது பிரிகிற இடத்தில் கால் வைத்திருப்பாரோ என்று. அதற்கப்புறம் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை தட்டினார், பலமாக, கை எரிய எரிய. பேச ஆள் இல்லாத கிட்டத்தட்ட மூன்று மணி நேரத்தில் அவர் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை.

இரண்டே முக்காலுக்கு மேகத்துக்குள்ளிருந்து பூட்ஸ் கிறீச்சிடுகிற சத்தம் கேட்டது. பரமானந்தம் தகரத்தைப் போட்டுவிட்டு எழுந்து ஓடினார். மூன்று பேரும் முழுசாக வந்தார்கள். சடையாண்டி உள்ளே நுழைந்ததும், "தட்டு ஒண்ணுகூடத் தப்பலை" என்றார். அவர் வாயிலிருந்து அது பெரிய பாராட்டு.

குழந்தைவேல் தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றார். ஒட்டிய காலண்டரெல்லாம் அச்சுப் பிசகி வந்ததுபோல முகத்தில் ஒரு குழப்பம். அது மெல்லச் சிரிப்பாக மாறியது.

"மேல ஒண்ணுமே தெரியலை சம்பந்தி. ஒரே மேகம். என் கையே எனக்குத் தெரியலை. இந்தப் பக்கம் அந்தப் பக்கம்னு எதுவும் கிடையாது. ஆனா நின்னேன். கால் மணி நேரம் நின்னேன். போதும் சம்பந்தி. எனக்குப் போதும்." பரமானந்தத்தின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "நீங்க இங்க உக்காந்து தட்டலைன்னா நாங்க வந்திருக்க மாட்டோம்."

மனிதர் மன்னித்துவிட்டார். மகள் வீட்டில் தலை நிமிர்ந்து நடக்கலாம். இனி வாயைத் திறக்காமல் இறங்கிப்போனால் எல்லாம் சுபம். அது பரமானந்தத்துக்கே நன்றாகத் தெரிந்தது.

"அதை ஏன் கேக்குறீக சம்பந்தி" என்றார். "நான் போன பதினேழு தடவையும் இதே மேகம்தான். ஒண்ணுமே தெரியாது."

செண்பகவல்லி ஈரப் புடவையைப் பிழிந்துகொண்டே சொன்னார்:

"அதானே பாத்தேன். அங்க கொட்டகை இல்லாததும் தெரியாமப் போயிருக்கு."